ஐந்து அறைகளும் ஒரு சாவிக்கொத்தும்

இந்தக் கூட்டத்தையும் என்னையும் ஒரே மணியால் அடக்கி ஆளக் காத்திருக்கும் உழவர் சங்கத் தலைவர் அக்கா அவர்களே! வெங்காயத்தை விளைவித்து, விலை பேச வருகிற வியாபாரியைக் கண்கலங்க வைத்து அனுப்பும் எங்கள் கறார் அக்கா அவர்களே!

ஆயிரம் அலுவல்களுக்கு இடையிலும் அழைத்தவுடன் வந்து, நான் என்ன சொல்லப்போகிறேனோ என்ற கவலையைப் புன்னகையால் மூடிக்கொண்டு வீற்றிருக்கும் மாண்புமிகு வேளாண்மை அமைச்சர் அவர்களே!

மண்ணை நம்பி விதைத்து, மழையை நம்பிக் காத்திருந்து, எங்களைப் போன்ற சட்டப்பேரவை உறுப்பினர்களையும் நம்பி வாக்களித்து, மூன்றில் ஒன்றாவது கைகொடுக்காதா என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளும் உழவர் பெருமக்களே!

களையெடுத்த கையோடு கைப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்து, முன்வரிசையை முற்றுகையிட்டிருக்கும் தாய்மார்களே! முன்னால் இடமிருந்தும் பின்னால் நின்றே கேட்பேன் என்று கதவோரம் கட்சி கட்டி நிற்கும் இளைஞர்களே! நான் பேசுவதற்கு ஈடு கொடுத்து அவ்வப்போது விசிலடிக்கும் ஒலிபெருக்கியே! வணக்கம்.

முடியவில்லை, இருங்கள். அழைப்பிதழில் ஐந்து அதிகாரிகள் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. ஒருவரை விட்டாலும் மரியாதைக் குறைவு. மண் ஆய்வு அலுவலர் அவர்களே! எழுந்து வணங்குகிறார். நன்றி ஐயா, அமருங்கள். விதை ஆய்வு அலுவலர் அவர்களே! மறுபடியும் அவரே எழுகிறார். அமருங்கள். பூச்சி நோய்க் கண்காணிப்பு அலுவலர் அவர்களே! அடடா, உட்கார்ந்த நாற்காலி சூடாவதற்குள் எழுந்துவிட்டார். உர ஒதுக்கீட்டு அலுவலர் அவர்களே! இவர்களுக்கெல்லாம் தலைவராக, இந்த நால்வரையும் கட்டி மேய்க்கும் அலுவலகத் தலைவர் அவர்களே! ஐயா, இனி நீங்கள் உட்காரலாம். பட்டியல் முடிந்துவிட்டது.

என்ன சிரிப்பு? அந்தப் பக்கத்திலிருந்து ஓர் அண்ணன் கேட்கிறார், "மேடையில நாலு நாற்காலி காலியா இருக்கே?" என்று. மெதுவாகச் சொல்லுங்கள் அண்ணா, அமைச்சர் காதில் விழப்போகிறது! காலியா? நம் துறையிலா? நான் பேரவையில் எழுந்து நின்று கேட்டேன், "இந்த வட்டார வேளாண்மை அலுவலகத்தில் எத்தனை பணியிடங்கள் காலி?" என்று. அமைச்சர் எழுந்தார். கண்ணாடியைப் போட்டார். தாளைப் பார்த்தார். ஒரே சொல்லில் பதில் சொன்னார். "இல்லை." அமர்ந்துவிட்டார். அவைக்குறிப்பில் அச்சாகியிருக்கிறது. ஆகவே அந்த நான்கு நாற்காலிகளிலும் ஆள் இருக்கிறது. உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், குறை அவைக்குறிப்பில் இருக்க முடியுமா?

அமைச்சர் சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா. நீங்கள் நல்லவர் என்பது எனக்குத் தெரியும். பேரவையில் உங்களுக்கு நேர் பின் இருக்கை என்னுடையது. ஐந்து ஆண்டுகளாக உங்கள் பிடரியைப் பார்த்தே காலம் தள்ளுகிறேன். இன்றைக்குத்தான் முகத்தைப் பார்த்துப் பேசும் பாக்கியம் கிடைத்திருக்கிறது.

உங்களைக் குறை சொல்வதற்கு முன்னால் என்னைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் இந்த மேடையைக் கேட்டு வாங்கினேன்.

போன பருவத்தில் நாம் ஒரு கொள்கை கொண்டுவந்தோம். ஒவ்வொரு வயலின் மண்ணையும் ஆய்வு செய்து ஓர் அட்டை கொடுப்பது. அந்த அட்டையைக் காட்டினால்தான் உரம். நல்ல கொள்கையா இல்லையா? நல்ல கொள்கை! மண்ணுக்கு என்ன வேண்டும் என்று மண்ணையே கேட்டுக் கொடுப்பதைவிட மரியாதை வேறென்ன இருக்கிறது? நானும் மேசையைத் தட்டி வரவேற்றேன். தட்டின வேகத்தில் என் தண்ணீர்க் குவளை கவிழ்ந்து, அமைச்சரின் கோப்பு நனைந்தது. மண் அட்டைத் திட்டம் தண்ணீர் கண்டது அந்த ஒரு நாள்தான்!

மேசையைத் தட்டியவர்கள் அத்தனை பேரில் ஒருவராவது கேட்டோமா, ஆய்வு செய்யப்போவது யார் என்று? அமைச்சர் கேட்கவில்லை. செயலாளர் கேட்கவில்லை. கணக்கு டீச்சராக இருபத்திரண்டு ஆண்டு கரும்பலகைக்கு முன்னால் நின்ற நானும் கேட்கவில்லை.

பிறகு உங்கள் குறைகள் வந்தன. "மண்ணு குடுத்து ரெண்டு மாசம் ஆச்சு டீச்சர், அட்டை வரல." "அட்டை இல்லன்னு உரம் தர மாட்டேங்கறாங்க." "போன் பண்ணா யாரும் எடுக்கறதில்ல." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பேரவையில் எழுந்தேன். என்ன பேசினேன் தெரியுமா? "ஐந்து அதிகாரிகள் இருக்கும் அலுவலகத்தில் ஐந்து பேருமா உறங்குகிறார்கள்? மண்ணைத் தட்டிப் பார்க்கச் சொன்னால் மேசையில் தலை சாய்த்துவிட்டார்களா? விளக்கம் கேளுங்கள், வேண்டுமானால் தண்டனை கொடுங்கள்!" என்று முழங்கினேன். மறுநாள் செய்தித்தாளில் என் படம் போட்டார்கள். நன்றாகத்தான் விழுந்திருந்தது. வெட்டி வைத்துக்கொண்டேன்.

அமைச்சர் சொன்ன சொல் தவறாதவர். ஐந்து அதிகாரிகளுக்கும் ஐந்து குறிப்பாணை அனுப்பினார். பத்து நாளில் ஐந்து விளக்கங்கள் வந்தன. எங்கள் பேரவை ஆய்வுக் குழுவின் மேசைக்கு அவை வந்தபோது நான்தான் வாங்கிப் படித்தேன்.

மண் ஆய்வு அலுவலர் எழுதியிருந்தார், உரப் பிரிவு திடீரென்று புள்ளிவிவரம் கேட்டதால் ஆய்வு தாமதமானது என்று. உர ஒதுக்கீட்டு அலுவலர் எழுதியிருந்தார், மண் ஆய்வு முடிவு வராததால் ஒதுக்கீடு தாமதமானது என்று. விதை ஆய்வு அலுவலர், பூச்சிப் பிரிவுக்கு உதவப் போனதாக எழுதியிருந்தார். பூச்சிப் பிரிவு, விதைப் பிரிவு உதவியதற்கு நன்றி சொல்லியிருந்தது. அலுவலகத் தலைவரோ இவர்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டார். "கீழ்ப் பிரிவுகள் கடிதங்களுக்கு உரிய நேரத்தில் பதில் தருவதில்லை. கடுமையாகக் கண்டிக்கப்பட்டுள்ளனர்" என்று எழுதியிருந்தார்.

கம்ப்யூட்டர் பழுது என்பதால் ஐந்தும் கையால் எழுதியவை. படிக்கப் படிக்க எனக்குள் இருந்த பழைய டீச்சர் விழித்துக்கொண்டாள். ஒரே கையெழுத்து! ஒவ்வொரு வரியும் இடப்பக்கம் தொடங்கி மெல்ல மெல்ல மாடிப்படி ஏறுகிறது. ஒரே சாய்வு, ஒரே சுழி, ஒரே இடத்தில் அடித்தல்! எத்தனை ஆயிரம் விடைத்தாள் திருத்திய கண் இது! நான் குழுவில் எழுந்து நின்று மேசையைத் தட்டி அறிவித்தேன். "கண்டுபிடித்துவிட்டேன்! ஐந்து பேரும் காப்பி அடித்திருக்கிறார்கள்! ஒருவன் எழுத, நால்வர் முத்திரை மட்டும் குத்தியிருக்கிறார்கள்! அந்த ஒருவனை நானே நேரில் போய்ப் பிடித்து வருகிறேன்!"

குழுத் தலைவர், "பாத்துப் போங்க டீச்சர், அஞ்சு பேரு, நீங்க ஒருத்தர்" என்றார். ஐயோ, அந்த மனிதருக்கு அப்போதே தெரிந்திருந்தால்!

மணி அடித்துவிட்டார் அக்கா. இன்னும் கதையே தொடங்கவில்லை அக்கா! என்ன சொல்கிறார்? "இவ்ளோ நேரம் என்ன பண்ணீங்க?" என்கிறார். நியாயம்தான். ஓடிவிடுகிறேன்.

சொல்லாமல் கொள்ளாமல் போனேன். காலை ஒன்பது மணி. நீளமான ஒரு நடைபாதை, ஐந்து கதவுகள், ஐந்து பலகைகள். முதல் அறை மட்டும் திறந்திருந்தது. உள்ளே மூன்று ஆய்வு மேசைகள். இரண்டின் மேல் தூசி, மூன்றாவதன் மேல் ஒரு மனிதர் குனிந்திருக்கிறார். சுவரோரம் இடுப்பளவு உயரத்துக்கு உங்கள் மண் பைகள். நான் குரலைக் கடுமையாக்கிக்கொண்டு கேட்டேன், "மண் ஆய்வு அலுவலர் யாரு?"

"நான்தான் மேடம். உக்காருங்க."

"உக்கார வரல. விதை ஆய்வு அலுவலர பாக்கணும்."

"அடுத்த ரூம் மேடம். வாங்க." எழுந்தார். அறையைப் பூட்டினார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தில் இரண்டாவது சாவியைத் தேடி அடுத்த அறையைத் திறந்தார். உள்ளே போய், நாற்காலியைத் துடைத்து, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, "சொல்லுங்க மேடம்" என்றார்.

நான் நின்றேன். என் ஓட்டுநர் நின்றார். "பூச்சி நோய்க் கண்காணிப்பு..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவர் மூன்றாவது சாவியை எடுத்துவிட்டார்.

அன்று நான் ஐந்து அறைகளிலும் ஏறி இறங்கினேன், தாய்மார்களே. ஐந்து அறைகளிலும் அதே மனிதர் எழுந்து வணக்கம் சொன்னார். ஐந்து பலகைகள், ஐந்து முத்திரைகள், ஐந்து இருக்கைகள், ஆள் ஒருவர்! நால்வர் ஒருவர் பின் ஒருவராக ஓய்வு பெற்றுப் போக, ஒவ்வொரு முறையும் "கூடுதல் பொறுப்பாகக் கவனித்துக்கொள்ளவும்" என்று ஒரு தாள் வர, மனிதர் ஆறு ஆண்டுகளாகக் கவனித்துக்கொண்டே இருக்கிறார். நீங்கள் இவருக்குச் சாவிக்கொத்து என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. நான் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. அதுவும் பேரவையில், அவைக்குறிப்பில், படத்தோடு!

நான்காவது அறையில் ஒரு பதிவேட்டைப் புரட்டினேன். தலை சுற்றியது. மூன்றாம் தேதி முதல் அறையிலிருந்து ஒரு கடிதம் நான்காம் அறைக்கு. அனுப்புகைப் பதிவேட்டில் எண் போட்டு, நடந்து வந்து, வரவுப் பதிவேட்டில் எண் போட்டிருக்கிறார். பதினொன்றாம் தேதி ஒரு நினைவூட்டல். பதினெட்டாம் தேதி பதில்.

"ஏன் சார், கேக்கறதும் நீங்க, சொல்றதும் நீங்க. நேரா முடிவு பண்ணிட வேண்டியதுதானே?"

"ஒரு பிரிவு கேக்கணும், இன்னொரு பிரிவு பதில் சொல்லணும்னு விதி மேடம். ஆடிட்ல கடிதம் எங்கன்னு கேப்பாங்க."

"சரி, மூணாம் தேதி கேட்டதுக்குப் பதினெட்டாம் தேதி ஏன் பதில்? நடுவுல நினைவூட்டல் வேற!"

மனிதர் தயங்கினார். பிறகு, கூட வேலை செய்கிறவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்கிற முகத்தோடு சொன்னார், "அப்ப இந்த ரூம்ல வேலை ஜாஸ்தி மேடம். அவருக்கும் கஷ்டம்தானே."

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். என் ஓட்டுநர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே ஐந்தாவது அறைக்குப் போனோம். அலுவலகத் தலைவரின் அறை. அங்கே ஒரு கோப்பு. "பணியாளர் விடுப்பு." அதில் ஒரு விண்ணப்பம்.

அதை நகலெடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். ஐயா, மன்னிக்க வேண்டும், உங்களைக் கேட்காமல் வாசிக்கிறேன். "அனுப்புநர்: மண் ஆய்வு அலுவலர். பெறுநர்: அலுவலகத் தலைவர். ஐயா, எனக்குப் பத்து நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்." அதன் ஓரத்தில், அதே மாடிப்படி ஏறும் கையெழுத்தில், "பதில் ஆள் இல்லாததால் விடுப்பு மறுக்கப்படுகிறது. அலுவலகத் தலைவர்."

தனக்குத் தானே விண்ணப்பம் போட்டு, தானே மறுத்துக்கொண்ட மனிதர்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் நடுவிலிருந்த ஒரு வரி தெரிந்தது. "காரணம்: மனைவியின் கண் அறுவை சிகிச்சை."

கோப்பைப் புரட்டினேன். அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று. மூன்று விண்ணப்பங்கள், மூன்று மறுப்புகள். முதல் விண்ணப்பத்துக்கும் மூன்றாவதற்கும் இடையில் ஏழு மாதம்.

என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. கேட்டேன், "ஏன் சார், கையெழுத்துப் போடற இடத்துல நீங்கதானே இருக்கீங்க? போட்டுட்டுப் போயிருக்கலாமே?"

அவர் சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன், அமைச்சர் அவர்களும் கேட்க வேண்டும். "பதில் ஆள் இல்லாம யாருக்கும் லீவு குடுக்கக் கூடாதுன்னு சுற்றறிக்கை மேடம். வேற யாராவது கேட்டிருந்தா மறுத்திருப்பேன். கேட்டது நான்ங்கறதுக்காகக் குடுத்தா நியாயமா? அதுவும் இல்லாம, இத்தன பேரு மண்ணைக் குடுத்துட்டுக் காத்திருக்காங்க."

இந்த மனிதரைத்தான் அம்மா நான் உறங்குகிறார் என்றேன். இவருக்குத்தான் தண்டனை கொடுங்கள் என்று மேசையைத் தட்டினேன். இவரைப் பழித்துப் பேசியதற்காக அச்சான படத்தைத்தான் வெட்டி வீட்டில் வைத்திருந்தேன். பேரவையில் பழித்துவிட்டு, அலுவலக அறையில் காதோரம் மன்னிப்புக் கேட்பது மரியாதையாகாது. பலர் அறியப் பேசினேன், பலர் அறியவே கேட்கிறேன். ஐயா, நான் தப்பாகப் பேசிவிட்டேன். என்னை மன்னிக்க வேண்டும்.

எழுந்து எழுந்து கையைக் கூப்பாதீர்கள் ஐயா. இந்த ஒரு முறையாவது உட்கார்ந்தே இருங்கள்.

இப்போது அமைச்சர் அவர்களே, உங்கள் பக்கம் வருகிறேன். பயப்படாதீர்கள், பாதித் தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். நான் எத்தனை பணியிடம் காலி என்று கேட்டேன். எத்தனை மனிதர்கள் இருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. கூடுதல் பொறுப்பில் ஒருவர் இருந்தால் இடம் நிரம்பியதாகக் கணக்கு. அந்தக் கணக்குப்படி இவரை இன்னும் இருபது நாற்காலிகளில் உட்காரவைத்தால் துறை முழுவதும் நிரம்பிவிடும்! என் வகுப்பில் வராத பிள்ளைக்கு வந்த பிள்ளை "உள்ளேன் டீச்சர்" சொன்னால் இரண்டு பேரையும் நிற்க வைப்பேன். இங்கே ஒரே பிள்ளை ஐந்து முறை "உள்ளேன்" சொல்கிறது, அரசாங்கம் ஐந்து முறை சரி போடுகிறது.

ஆள் இல்லையா நாட்டில்? குழுவோடு தலைமை அலுவலகத்துக்கும் போனேன். மூன்றாவது மாடி. மின்விசிறி ஓடுகிறது, மேசைக்கு மேசை ஆள் இருக்கிறார்கள். எண்ணினேன், பதினொரு பேர். நாலு மேசைக்குப் பதினொரு பேர்! "இது என்ன பிரிவு?" என்றேன். "காலிப் பணியிட அறிக்கைப் பிரிவு மேடம்" என்றார்கள். துறையிலேயே ஓர் இடம்கூடக் காலியில்லாத ஒரே பிரிவு அதுதான்! காலி இல்லை, காலி இல்லை என்று எழுதுவதற்குப் பதினொரு பேர் காத்திருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் மண்ணியல் படித்தவர்கள். ஒரு தங்கை என்னிடம் மெல்லக் கேட்டாள், "மேடம், நாங்க படிச்ச வேலைக்கு எங்கள அனுப்ப மாட்டாங்களா?" என்று.

கரும்பலகை இல்லை, வாயாலேயே கணக்குப் போடுகிறேன், நீங்கள் சரிபாருங்கள். அந்த அறையில் காத்திருக்கும் மண் பைகள் ஆயிரத்து நூற்று நாற்பது. ஓர் ஆள் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பார்க்கலாம். அப்படியென்றால் எத்தனை நாள்? தொண்ணூற்றைந்து! சொன்னது யார்? அந்த நீலத் தலைப்பாகை அண்ணனா? சபாஷ். விதைப்புக்கு எத்தனை நாள் இருக்கிறது? நாற்பது. இவர் கண்ணிமைக்காமல் உட்கார்ந்தாலும் உங்களில் பாதிப் பேருக்கு மேல் அட்டை வராது. இவர் மனைவிக்கோ வருகிற வியாழக்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள். நாலாவது முறையாகக் கொடுத்த தேதி. டாக்டர் சொல்லிவிட்டாராம், "இதுக்கு மேல தள்ளிப்போட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று.

இவர் போனால் உங்கள் மண் காத்திருக்க வேண்டும். இவர் இருந்தால் அந்தத் தாயின் பார்வை போய்விடும். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஒரு தனி மனிதரிடம் சொல்லிவிட்டு, நாமெல்லாம் மேசை தட்டிக்கொண்டிருந்தோம். இது தகுமா? இது முறையா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள், இது அடுக்குமா?

நான் உங்களைக் கேட்கிறேன். உங்கள் வயல், உங்கள் விதைப்பு, நீங்கள்தான் சொல்ல வேண்டும். பத்து நாள் இவரை விட்டுத்தருவீர்களா?

கொஞ்சம் பொறுங்கள், ஒருவர் ஒருவராக. அந்த அக்கா என்ன சொல்கிறார்? "பத்து நாள் என்ன டீச்சர், என் பைய கடைசியா பாக்கட்டும்." அண்ணன்? "எங்க ஊர்ப் பை நாப்பது இருக்கு, எல்லாத்தையும் பின்னால தள்ளச் சொல்லுங்க." போதும், போதும். கையை இறக்குங்கள். அமைச்சர் அவர்களே, பார்த்தீர்களா? இந்தத் துறையில் விட்டுக்கொடுப்பதற்கு மட்டும் ஆள் பஞ்சமே கிடையாது.

ஆனால் இவர்கள் விட்டுக்கொடுக்க அவசியமே இல்லை. மூன்றாவது மாடியிலிருந்து இரண்டு பேர் திங்கட்கிழமை வந்தால், இவர் இல்லாத பத்து நாளில் இருநூற்று நாற்பது பை முடியும். மீதி தொள்ளாயிரம். பிறகு மூன்று மேசையிலும் மூன்று பேர், நாளுக்கு முப்பத்தாறு, இருபத்தைந்து நாள். மொத்தம் முப்பத்தைந்து. விதைப்புக்கு ஐந்து நாள் மிச்சம்! அமைச்சர் அவர்களே, இந்தக் கணக்கில் பிழை இருந்தால் சொல்லுங்கள். நான் மேடையை விட்டு இறங்குகிறேன்.

ஏதோ சொல்கிறார். "அனுப்பறேன் டீச்சர்" என்கிறார். அதை ஏன் ஐயா என் காதில் சொல்கிறீர்கள்? இதோ மைக். கேட்டீர்களா அனைவரும்? "திங்கக்கிழமை ரெண்டு பேரும் இங்க இருப்பாங்க." கை தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள், அவர் மறந்தாலும் கை வலி உங்களுக்கு நினைவூட்டட்டும்.

மறுபடி மணி. அக்கா, இரண்டே நிமிடம். இந்த விண்ணப்பம் இருக்கிறது. பழையதில் தேதியை மட்டும் மாற்றி, இவருக்குத் தெரியாமல் எழுதிக்கொண்டு வந்தேன். மாடிப்படி ஏறாத கையெழுத்து. ஐயா, கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். அமைச்சர் அவர்களே, பேனா இருக்கிறதா? என்ன, "சுற்றறிக்கைப்படி பதில் ஆள் யாரு?" என்கிறீர்களா? பாருங்கள் ஐயா, உங்கள் துறையில் இரண்டு பேர் நேர்மையானவர்கள் என்று இப்போது நம்புகிறேன்.

அந்தச் சுற்றறிக்கையை நானும் படித்தேன். "பொறுப்பை ஏற்கத் தகுதியுள்ள, அதே துறையைச் சேர்ந்த ஒருவர்" என்று இருக்கிறது. மூன்றாவது மாடிக்காரர்கள் திங்கட்கிழமைதான் வருகிறார்கள்; இப்போது இந்தக் கூடத்தில் அந்தத் துறையைச் சேர்ந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் விடுப்பில் போகிறார். இன்னொருவர், தன்னைத் தவிர வேறு யாரும் இல்லையா என்று பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறார்!

சிரித்துவிட்டார். கையெழுத்தும் போட்டுவிட்டார். நீடூழி வாழ்க ஐயா, எங்கள் அமைச்சர் என்று சொல்லிக்கொள்ள இன்று எனக்குப் பெருமையாக இருக்கிறது, மனதாரச் சொல்கிறேன். ஆனாலும் அடுத்த கூட்டத்தொடரின் முதல் கேள்வி என்னுடையது. இந்த அலுவலகத்தில் பணியிடம் எத்தனை என்று கேட்க மாட்டேன். எத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள் என்று கேட்பேன். அந்த நான்கு நாற்காலிகளையும் சங்கத்தில் பத்திரமாக வைத்திருப்போம்.

ஐயா சாவிக்கொத்து அவர்களே, இடுப்பிலிருக்கும் அந்தக் கொத்தைக் கழற்றிக் கொடுங்கள். அமைச்சரிடம்தான். தயங்குகிறார் பாருங்கள். ஆறு வருடம் இடுப்பில் கிடந்தது. கொடுத்துவிட்டார்! என்னமோ சொல்கிறாரே? "மூணாவது சாவி கொஞ்சம் இறுக்கம் சார், இடது பக்கம் தூக்கித் திருப்பணும்." கேட்டுக்கொள்ளுங்கள் அமைச்சர் அவர்களே. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த வாசலில் மண் பையோடு ஆட்கள் நிற்பார்கள். கதவு திறக்க வேண்டியவர் பொறுப்பு அலுவலர், அதாவது தாங்கள்.

கடைசியாக ஒருவருக்கு வணக்கம் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் விட்டுவைத்தேன். முன்வரிசையின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் அந்தத் தாய். கூட்டம் தொடங்கும் முன் அருகில் போய், "நல்லா இருக்கீங்களா அம்மா?" என்று கேட்டேன். குரல் வந்த திசையைத் தேடித் திரும்பினார். "உங்க வீட்டுக்காரர் மேடையில எங்க இருக்கார்னு தெரியுதா?" என்றேன். "முகம் தெரிஞ்சு நாளாச்சும்மா. சாவிச் சத்தம் எங்க கேக்குதோ அங்க இருப்பாரு" என்றார்.

தாயே! வியாழக்கிழமை உங்கள் பக்கத்தில் உங்கள் கணவர் இருப்பார். இந்த மண்டபமே அதற்குச் சாட்சி. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இனி எங்காவது சாவிச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்த்துவிடாதீர்கள், அது அமைச்சர்! கண்கட்டு அவிழ்க்கிற அன்று உங்கள் கணவரைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேச விட்ட தலைவருக்கும், பொறுத்துக்கொண்ட அமைச்சருக்கும், பைகளைப் பின்னுக்குத் தள்ளச் சொன்ன உங்கள் பெரிய மனதுக்கும், என்னை மன்னித்ததாகத் தலையசைத்த அந்த ஐந்து அதிகாரிகளுக்கும் என் நன்றி. வணக்கம்.